கடன்பட்ட கம்பெனியில் பங்கு கொள்ளல்

கடன் மிகுந்ததொரு கம்பெனியைச் செல்வர் ஒருவர் வாங்கப்போகின்றார் என்னும் செய்தி பரவியவுடனே, அதன் பங்குகளைத் தேடி ஓடுவார் பலர். வாங்குபவரிடம் பொருள் உண்டு. ஆதலின் நம் பங்கும் உயரும் என்பது அவர்தம் கணக்கு. அது பெரிதும் பிழையுடையதென்பது எமது துணிபு. வாங்குவோர் விழைவது கம்பெனியையேயன்றிப் பழைய பங்குதாரரை அன்று.

வீட்டுக்கடன் வழங்கிவந்த திவான் ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனியை நோக்குக. 2019-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது. கடன் கொடுத்தோர் கேட்டுநின்ற தொகை ஏறத்தாழ 87,000 கோடி ரூபாய். 2021-இல் பிரமல் குழுமத்தார் 34,250 கோடிக்கு அதனை ஏற்றனர். கடன் கொடுத்தோர்க்கே பாதியும் கிட்டாதபோது, சட்டப்படி வரிசையின் கடைசியில் நிற்கும் பங்குதாரர்க்கு எஞ்சுவது யாது? கம்பெனி பிழைத்தது, அவர்தம் பங்குகளோ யாதொரு விலையுமின்றி அழிக்கப்பட்டன.

மலிவாகக் கிடைத்தமையின் வாங்கினோம் என்பர் சிலர். மலிவு என்பது பெறுமானத்தோடு ஒப்பிட்டுக் கூறுவதன்றோ? பெறுமானமே இல்லாத பங்கிற்குப் பத்து ரூபாயும் மிகையே. நிற்க. கடன் கொடுத்தோர் அவ்வாண்டு ஜனவரியிலேயே பிரமல் திட்டத்தை ஏற்றிருந்தனர், செய்தித்தாள்களும் வெளியிட்டன. அங்ஙனமிருந்தும், ஜூன் திங்களில் சந்தையினின்றும் நீக்கப்படும்வரை அப்பங்குகளை வாங்க ஆளிருந்தமையே எமக்கு வியப்பு.