உங்கள் பலம் என்ன என்று கேட்டால்



அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கணனி மென்பொருள் படிக்கத் தொடங்கியிருக்கும் பெண்களை இப்போது காண்கிறோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கடை வருமானம் சுருங்கிய வீடுகளும் இவற்றில் உண்டு. படிப்பதற்காகக் கொழும்பில் போய்த் தங்க வேண்டியதில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் தகவல் தொழினுட்பப் பட்டத்தை வெளிவாரியாக நடத்தி வருகிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் மென்பொருள் பயிற்சிப் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

பாடம் எப்படியோ நடந்துவிடுகிறது. பயிற்சி முடியும் தறுவாயில் வேலைக்கான விண்ணப்பத்தில் ஓரிடம் வரும்: "உங்கள் பலங்களை எழுதுக." அங்கேதான் பேனா நின்றுவிடுகிறது. "மௌலவி, பத்து வருஷம் அடுப்படியில் இருந்தவளுக்கு என்ன பலம்? அதோடு, நம்மை நாமே புகழ்வது மார்க்கத்தில் கூடாதுதானே?" என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தற்பெருமை கூடாதுதான். ஆனால் யூஸுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரின் மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, காக்கும் தன்மையும் அறிவும் தமக்கு உண்டு என்று தாமே எடுத்துச் சொன்னார்கள். வரப்போகும் பஞ்சத்தில் மக்களின் உணவுக்கு வழிசெய்யும் பொறுப்பு அது. தம்மைப் பற்றி அறியாதவரிடம், தேவை ஏற்படும்போது, உள்ள தகுதியை உள்ளபடி சொல்லலாம் என்பதற்கு முஃபஸ்ஸிர்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். "உள்ளபடி" என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி முதல் கேள்வி. ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை எடுத்துக்கொள்வோம். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அவர் பதினொரு வயதுச் சிறுவர். யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அரை மாதத்திற்குள் கற்றுக்கொண்டதாக அவரே அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. பின்னாளில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பணிக்கு அவரைத் தெரிவு செய்த அபூபக்ர் (ரலி) அவர்கள் என்னென்ன காரணம் சொன்னார்கள்? இளமை, புத்தி, எவரும் குறை சொல்லாத நாணயம், வஹீயை எழுதிப் பழகிய கை. நான்கில் ஒன்றுதான் தொழில் பழக்கம். மற்றவை ஆளிடம் இருந்தவை. அத்தனையும் இருந்தும், ஒரு மலையைப் பெயர்த்து வை என்றிருந்தால் இதைவிட இலேசாக இருந்திருக்கும் என்ற கருத்தில்தான் அவர் பேசினார். ஆகவே பயம் இருக்கிறது என்பதற்காகத் தகுதி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

உங்களிடம் இருப்பதைப் பாருங்கள். பன்னிரண்டு பேரைச் சேர்த்து மாதச் சீட்டு நடத்துகிறீர்கள். யாருக்கு எந்த மாதம், யார் தவணை பிந்தினார், அவசரக்காரிக்கு முன்னே கொடுத்தால் மற்றவர் முறை எப்படி மாறும் என்பதெல்லாம் ஒரு கொப்பியில் பிசகாமல் நிற்கிறது. மென்பொருள் எழுதுகிறவர் கணனிக்குச் சொல்லிக்கொடுப்பதும் இந்த "இப்படியானால் இது, இல்லையானால் அது" என்ற ஒழுங்கைத்தான். தைக்கிற பெண்ணுக்கு இன்னொரு பலம் உண்டு. தையல் கோணினால் மெஷினைத் திட்ட மாட்டாள். எந்த இடத்தில் பிசகியது என்று பார்த்து, அதுவரை பிரித்து, மீண்டும் தைப்பாள். புரோகிராமில் பிழை தேடுவதற்கு இந்தப் பொறுமை இல்லாதவர் நீடிக்க மாட்டார்.

மத்ரஸாவில் ஃபராயிள் படித்த பெண்களுக்குச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும். பிள்ளை இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று. அதற்கு முன்பே கஃபன் செலவு, கடன், வஸிய்யத். வரிசை மாறினால் விடையும் மாறும். ஒரு பெண் இறந்து, கணவனும் உடன்பிறந்த இரு சகோதரிகளும் மட்டும் இருந்தால், கணவனுக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டிப் பாருங்கள், சொத்தைவிடப் பங்கு பெரிதாகிவிடும்! அப்போது சொத்தை ஏழாக்கி, கணவனுக்கு மூன்றும் சகோதரிகளுக்கு நான்கும் கொடுப்போம். இதுதான் அவ்ல். இப்படிக் கணக்கு முட்டுகிற இடங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே மென்பொருள் நிறுவனங்களில் தனியாக ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, அல்ஜிப்ரா பற்றிய தம் நூலில் பெரும்பகுதியை வாரிசுக் கணக்குக்கும் வஸிய்யத் கணக்குக்கும் ஒதுக்கினார். இன்று கணனிப் பாடத்தில் வரும் "அல்கொரிதம்" என்ற சொல் அவருடைய பெயரிலிருந்து பிறந்ததுதான். நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

இப்போது அந்த "உள்ளபடி." சீட்டு நடத்தியதை எழுதுங்கள். ஆனால் "கணக்காளர்" என்று எழுதாதீர்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், பேச வராது என்றால் அப்படியே எழுதுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் புரோகிராமை அதுவே எழுதித் தந்துவிடுகிறது. உதவி பெறுவதில் குற்றமில்லை. தனக்கு விளங்காத ஒன்றைத் தன் கைவேலை என்று காட்டி வேலை வாங்குவது, தண்ணீர் கலந்த பாலை நல்ல பால் என்று விற்பதற்குச் சமம். அந்தச் சம்பளம் பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. படிக்கிற பெண்ணுக்கு இரவில் இரண்டு மணி நேரம் கதவு மூடிய அறை வேண்டும். அந்த நேரம் தேநீரை வாப்பாவே ஊற்றிக்கொள்ளலாம். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள்.

திருமணத்திற்குப் பின் ஆங்கிலம் படிப்பது பற்றிக் கெலிஓயாவிலிருந்து எழுதிய சகோதரிக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.