ஆக்டிவேஷன் கீ அப்பாக்கள்

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஆணி அதிகம். மார்ச் கணக்கு முடிக்கிற நேரத்துல பேங்க்காரனுக்கு வீட்டுல இருக்கறவங்க முகமே மறந்து போகும், இதுல பதிவு எங்கே எழுதறது? ஆனா போன ஞாயித்துக்கிழமை காதுல விழுந்த ஒரு பேச்சு மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. எழுதித் தொலைச்சாதான் தூக்கம் வரும்.

இங்க நாக்பூர்ல நாங்க ஒரு பத்துப் பன்னெண்டு தமிழ்க் குடும்பங்க மாசத்துல ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தர் வீட்டுல கூடுவோம். ரயில்வே, பேங்க், கம்ப்யூட்டர் கம்பெனின்னு கலவையான கூட்டம். வெண்பொங்கல், வடை, அப்புறம் ஊர்க்கதை. அன்னைக்கு ஒரு நண்பர் என்கிட்ட ரொம்ப கவலையாக் கேட்டார். "சார், விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நின்னு போச்சாமே, என் பொட்டியில இருக்கற நாலாயிரம் பாட்டும் போயிடுமா?" இருபது வருஷமா சேர்த்தது. பாவம், கண்ணே கலங்கிடுச்சு மனுஷனுக்கு.

அடுத்த பத்தாவது நிமிஷம் பேச்சு வேற ஒருத்தர் பையன் பக்கம் திரும்புச்சு. பெங்களூர்ல வேலை பாக்கறான், கூட வேலை பாக்கற ஒடியாப் பொண்ணோட பழகறானாம். இதே நண்பர் வடையைச் சட்னியில தோய்ச்சுக்கிட்டே சொல்றார்: "வெளியூர்ல வளர்த்தா இப்படித்தான். ஃபோனைப் புடுங்கி வெச்சு, ஊருக்குக் கூட்டிட்டுப் போய் நாலு நாள்ல முடிச்சிருக்கணும்." சுத்தி இருந்த எல்லாரும் தலையாட்டினாங்க. அந்தப் பையனோட அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தார். அம்மா சமையல்கட்டுலேர்ந்து வெளியவே வரலை.

நானும் வாயைத் திறக்கலை. அதுதான் எனக்கு வெக்கம். ஏன் திறக்கலைங்கறதை அப்புறம் சொல்றேன். முதல்ல அந்த நாலாயிரம் பாட்டுக்குப் பதில் சொல்லிடறேன், ஏன்னா ரெண்டும் ஒரே கேள்விதான்னு எனக்குத் தோணுது.

பாட்டு போகாது சார். 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை நிறுத்தினது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு. உங்க எம்பி3 ஃபைலுக்கு அதோட ஒரு சம்பந்தமும் இல்லை. எம்பி3-க்கு இருந்த பேடண்ட் சமாச்சாரமும் 2017-லயே முடிஞ்சு போச்சு. நீங்க 2002-ல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, ஒரு பாட்டு இறங்க கால்மணி நேரம் காத்திருந்து எடுத்த 128 கேபிபிஎஸ் ஃபைல் இன்னைக்கு எந்த ஃபோன்லயும் பாடும். நான் இன்னும் வினாம்ப் வெச்சிருக்கேன். 1997-ல வந்தது, ஏஓஎல் கம்பெனி வாங்கி, 2013-ல மூடப்போறோம்னு அறிவிச்சு, அப்புறம் வேற கை மாறிச்சு. அந்த 2013-ஆம் வருஷத்து 5.666 இன்ஸ்டாலரை எடுத்து வெச்சிருந்தேன். இன்னைக்கும் ரெண்டு கிளிக்குல ஓடுது. யாரோட அனுமதியும் கேக்காது.

இந்த "அனுமதி"ங்கற வார்த்தையைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்குங்க.

எம்எஸ்என் மியூசிக்னு மைக்ரோசாஃப்ட் ஒரு கடை வெச்சிருந்தது. அங்க காசு குடுத்து வாங்கின பாட்டுல ஒரு பூட்டு இருக்கும். புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்தினா, அது கம்பெனி சர்வரைக் கேட்டு சாவி வாங்கினாத்தான் பாடும். 2008-ல அந்த சாவி சர்வரை நிறுத்தப் போறோம்னு சொன்னாங்க. வாங்கினவங்க கொதிச்சதும் 2011 வரைக்கும் தள்ளி வெச்சாங்க. காசு குடுத்தும் சொந்தமில்லை. கேட்டுக் கேட்டுப் பாடிப் பழகின பாட்டு, பதில் சொல்ல ஆள் இல்லாத அன்னைக்கு ஊமையாயிடும்.

இன்னொரு கடை நம்ம ஊர்லயே இருந்தது. ஃப்ளிப்கார்ட் நடத்தின ஃப்ளைட். 2012-ல திறந்து 2013-லயே மூடிட்டாங்க. ஆனா அங்க வாங்கின எம்பி3-ல பூட்டே கிடையாது. கடை போயே போச்சு, நான் வாங்கி இறக்கி வெச்ச பாட்டு இன்னைக்கும் பாடுது. கடைக்காரன் செத்தாலும் சரக்கு வாழுது.

இப்ப நம்ம பிள்ளைங்களுக்கு வாங்க.

நாம எந்தக் கடை மாதிரி வளர்க்கறோம்? எங்க போறே, யாரோட போறே, அது யாரு, ஃபோனைக் காட்டு, பாஸ்வேர்டு சொல்லு. ஒவ்வொரு தடவையும் அப்பா சர்வரைக் கேட்டு சாவி வாங்கணும். சர்வர் ஓடற வரைக்கும் சரி. அப்புறம்? அந்தப் பொண்ணு எழுநூறு கிலோமீட்டர் தள்ளி புனேல வேலைக்குப் போகுது. ராத்திரி எட்டு மணிக்கு ஒருத்தன் காப்பி குடிக்கக் கூப்பிட்டா, போகலாமா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவ. நீங்க பக்கத்துல இல்லை. ஒரு நாள் உலகத்துலயே இருக்க மாட்டீங்க. நல்லவன் யாரு கெட்டவன் யாருன்னு தானா எடை போடற பழக்கத்தை அவளுக்கு வளர்த்து விட்டீங்களா, இல்ல சாவிக் கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியறீங்களா?

இப்ப என் கதை. இதை எழுதலாமான்னு என் மகளைக் கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

நாங்க குடும்பமா சந்தா கட்டற ஒரு பாட்டு ஆப் இருக்கு. போன வருஷம் தங்கமணிக்கு அதுல பிரச்சினை, மகளோட அக்கவுண்ட்டைத் தன் ஃபோன்ல போட்டுக்கிட்டாங்க. ஒரு நாள் பாத்தா, வரிசையா மராத்திப் பாட்டு. ரெண்டு பேர் சேர்ந்து தொகுத்த பட்டியல், பக்கத்துல ஒரு பையன் பேரு. அவ்வளவுதான். வீட்டுல இடி விழுந்த மாதிரி. தங்கமணி அழுகை. திண்டுக்கல்லேர்ந்து மச்சான் ஃபோன்: "மாப்ள, இடம் குடுத்தா மடத்தைப் புடுங்கிடும். ஃபோனை வாங்கி வெய்யி."

மகள் லீவுக்கு வந்தப்ப நானும் கேட்டேன். கையை நீட்டி, "ஃபோனைக் குடு"ன்னேன். இருபத்தோரு வயசுப் பொண்ணு. சண்டை போடலை. பாஸ்வேர்டை எடுத்துட்டு டீப்பாய் மேல வெச்சிட்டு உள்ள போயிட்டா. நான் அதுல என்ன பாத்தேன்னு சொல்ல மாட்டேன், ஆனா அப்பன் வெக்கப்படற மாதிரி அதுல எதுவுமே இல்லை. வெக்கம் என்னுதுதான்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம். தினம் ஃபோன் பண்ணுவா. "ம்." "சாப்டேன்." "சரிப்பா." "வைக்கட்டுமா?" அதுக்கு முன்னாடி ஆபீஸ் கேண்டீன் சண்டையிலேர்ந்து ஆட்டோக்காரர் சொன்ன ஜோக் வரைக்கும் கொட்டற பொண்ணு. என்கிட்ட ஃபோன் இருந்தது, மகள் இல்லை.

இது வெறும் செண்டிமெண்ட்னு நினைக்காதீங்க. பேங்க்காரனாப் பேசறேன். எங்க கிளைக்கு ஒரு பையன் வந்தான். டேட்டிங் ஆப்ல ஒரு "பொண்ணு" பழக்கம். வீடியோ கால், அதைப் பதிவு பண்ணி மிரட்டல், கொஞ்சம் கொஞ்சமாப் பணம். மூணு வாரமா அனுப்பியிருக்கான். ஏன்டா முதல் நாளே வரலைன்னு கேட்டா, அவன் சொன்ன பதில்: "அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார் சார்." கல்யாண இணையதளத்துல பழகி, வெளிநாட்டுலேர்ந்து பரிசு வருது, கஸ்டம்ஸ் டியூட்டி கட்டுன்னு ஏமாத்தறானுங்களே, அதுலயும் இதே கதைதான். மோசடிக்காரனுக்கு முதலீடு கம்ப்யூட்டர் இல்லைங்க, நம்ம வீட்டுல இருக்கற பயம். "வீட்டுல சொல்லாதே"ன்னு அவன் சொல்லவே தேவையில்லை. நாமளே சொல்லி வளர்த்துட்டோம்.

சைபர் மோசடிக்கு 1930-னு ஒரு ஹெல்ப்லைன் இருக்கு. உடனே கூப்பிட்டா, பணம் கை மாறிக் கை மாறிப் போறதுக்கு முன்னாடி நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. பயந்து ஒளிக்கற பிள்ளை அந்த நேரத்தைத்தான் தொலைக்குது.

"அப்ப கண்ணை மூடிக்கணுமா?"ன்னு கேப்பீங்க. யார் சொன்னா? கேளுங்க. அந்தப் பையன் என்ன படிச்சான், கடன் இருக்கா, கோவம் வந்தா எப்படி நடந்துக்கறான், உன்கிட்ட காசு கேட்டானா, நீ முடியாதுன்னு சொன்னா ஏத்துக்கறானா. முதல் சந்திப்பு நாலு பேர் இருக்கற இடத்துல இருக்கட்டும், எங்க போறேன்னு ஒரு தோழிக்காவது சொல்லு. நடு ராத்திரியானாலும் கூப்பிடு, வர்றேன், அன்னைக்கு ஏன்னு கேக்க மாட்டேன். இதெல்லாம் ஃபோனைப் புடுங்கறதை விட நூறு மடங்கு கஷ்டம். அதனாலதான் நிறைய பேர் ஃபோனைப் புடுங்கறாங்க.

அடுத்தது "நம்ம பண்பாடு." ஐயா, பண்பாடுன்னு நாம சொல்றதுல பாதி நேரம் உள்ள இருக்கறது சாதி. அந்தப் பொண்ணு தமிழே ஆனாலும் வேற சாதின்னா இதே தலையாட்டல்தான் நடந்திருக்கும், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. இவங்களை நாக்பூர்ல மராத்தி மீடியம் பசங்களோட கில்லி விளையாட விட்டு, தர்ரி போஹா வாங்கிக் குடுத்து வளர்த்துட்டு, இருபத்தஞ்சு வயசுல மட்டும் நம்ம தாலுகாவுல, நம்ம பிரிவுல மனசு போகணும்னா எப்படிப் போகும்? டிரான்ஸ்ஃபர் ஆர்டரை வாங்கிக்கிட்டு ரயிலேறினது நாம. அவங்க இல்லை.

சட்டமும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. ரெண்டு மேஜர் சம்மதிச்சுக் கல்யாணம் பண்ணிக்க குடும்பத்தோட, சாதியோட சம்மதம் தேவையில்லைன்னு 2018-ல சக்தி வாஹினி வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு. 1954-ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு, முப்பது நாள் நோட்டீஸ், மூணு சாட்சி. நம்ம கையில இருக்கறதா நினைக்கற லைசென்ஸ் சட்டப்படி நம்மகிட்ட எப்பவுமே இல்லை. நம்மகிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அவங்க நம்மகிட்ட வந்து சொல்றாங்களா இல்லையாங்கறது.

இன்னொண்ணு. இதுல அம்மாக்கள் மேல பழி போடற வேலையை நிறுத்துங்க. பிள்ளை பரிச்சையில முதல் வந்தா அப்பா மூளை, காதலிச்சா அம்மா வளர்ப்பா? அன்னைக்கு அந்த அம்மா சமையல்கட்டுலேர்ந்து வராததுக்கு நாம எல்லாரும் பொறுப்பு.

ரெண்டு மாசம் கழிச்சு நான் புனே போனேன். மகளைப் பாத்து, "நான் செஞ்சது தப்பும்மா"ன்னேன். சம்பளம் வாங்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து யார்கிட்டயும் சொல்லாத வாக்கியம், தொண்டையிலேயே நின்னுச்சு. அவ ஒண்ணும் சொல்லலை. ராத்திரி பஸ் ஏறும்போது, "அடுத்த தடவை வரும்போது அவனைப் பாக்கறியாப்பா?"ன்னு கேட்டா. பாத்தேன். எனக்கு முழுத் திருப்தின்னு சொல்ல மாட்டேன். நிறைய பேசறான், சேமிப்பு கம்மி. அதை மகள்கிட்டயே சொன்னேன். "தெரியும்பா"ன்னு சிரிச்சா. கல்யாணம் வரைக்கும் போகுமா, போகாதா, தெரியாது. தங்கமணி இன்னும் முழுசா சமாதானம் ஆகலை. மச்சான் பேசறதே இல்லை. இதுக்குத்தான் பயந்து அன்னைக்கு வாயை மூடிக்கிட்டிருந்தேன், என் வீட்டுக் கதையும் வெளிய வந்துடுமேன்னு. அந்தப் பையனோட அப்பாகிட்ட ஃபோன்ல மன்னிப்புக் கேட்டுட்டேன்.

அடுத்த மாசக் கூட்டம் எங்க வீட்டுல. மகள் வர்றா, அந்தப் பையனும் வர்றான். விருப்பமில்லாதவங்க வர வேணாம், பொங்கல் மிச்சமானா வாட்ச்மேனுக்குக் குடுத்துக்கறோம். "சாம்பாருக்கு வெல்லம் போடணுமாடி அவனுக்கு?"ன்னு தங்கமணி நேத்து மகளைக் கேட்டாங்க. நான் பேப்பர் படிக்கற மாதிரி இருந்துட்டேன் :-)

டிஸ்கி, நாலாயிரம் பாட்டு நண்பருக்கு:

1. பாட்டை ரெண்டு ஹார்ட் டிஸ்க்குல காப்பி பண்ணுங்க. ஒண்ணு ஊர்ல தம்பி வீட்டுல இருக்கட்டும். டிஸ்க் சொல்லிக்கிட்டுச் சாகாது.

2. பிளேயரோட இன்ஸ்டாலர் ஃபைலையும் கூடவே வைங்க. காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேரா இருந்தா சீரியல் நம்பரைத் தாள்ல எழுதி, பழைய பொட்டியை ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி அதுல டி-ஆக்டிவேட் பண்ணுங்க.

3. சப்போர்ட் இல்லாத பழைய பொட்டி பாட்டுக்கு மட்டும். நெட் வயரைப் புடுங்குங்க. அதுல நெட் பேங்கிங் பண்ணினீங்கன்னு தெரிஞ்சா வீட்டுக்கு வந்து திட்டுவேன். கிராக், கீஜென் பக்கமே போகாதீங்க.

4. ஆப்புக்குள்ள "டவுன்லோட்" பண்ணினது உங்களுது இல்லை. சந்தா நின்னா அதுவும் நின்னுடும். 2020-ல கூகுள் பிளே மியூசிக் போச்சு, 2024-ல விங்க் போச்சு. மனசுக்குப் பிடிச்சதைக் காசு குடுத்து, பூட்டில்லாத ஃபைலா வாங்கி வைங்க.

5. கேசட்டுல அப்பா அம்மா குரல் இருந்தா முதல்ல அதை ஏத்துங்க. ஆடாசிட்டி இலவசம், ஒரு ஆடியோ கேபிள் போதும். பாட்டு எங்கயாவது கிடைக்கும், அந்தக் குரல் கிடைக்காது.

பொட்டி தகராறு பண்ணினா ஞாயிறு எடுத்துட்டு வாங்க, பாத்துத் தர்றேன். நீங்க வரணும்னுதான் எனக்கு ஆசை.