நட்டு கழற்றிய கூலி

ஏற்காட்டில் பழைய வண்டிகளுக்கு வேலை பார்க்கிறவன் நான். பில்லைக் கையில் வாங்கியதும் எல்லோருக்கும் கண் போவது பார்ட்ஸ் விலைக்குத்தான். ப்ரேக் பைப் இவ்வளவு, ப்ரேக் ஆயில் இவ்வளவு என்றால் பேசாமல் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குக் கீழே ‘நட்டு கழற்றியது, அரை நாள்’ என்று எழுதியிருந்தால் மட்டும் முகம் மாறும். "என்னங்கண்ணா, ஒரு நட்டைக் கழட்டறதுக்கு அரை நாளா?" ஆமாங்க, அரை நாள்தான். சில வண்டிகளுக்கு ராத்திரி முழுக்க ஊறவும் வேண்டும். இந்தக் கூலியைக் கொடுக்க மனசு வராததால்தான் பழைய வண்டிகள் அரைகுறை ப்ரேக்கோடு இந்த மலையை இறங்குகின்றன என்கிறேன் நான்.

ப்ரேக் பைப்பைப் பிடிக்கிற அந்த நட்டு கட்டைவிரல் நகம் அகலம்கூட இராது. மாருதி 800-ல் 10 மில்லி ஸ்பேனர் பிடிக்கிற சைஸ். அதன் நடுவே 4.76 மில்லி இரும்புக் குழாய் ஓடுகிறது. குழாயின் நுனியை விரித்து வாய் வைத்திருப்பார்கள். அந்த வாயை அழுத்திப் பிடிப்பதுதான் நட்டின் வேலை. டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம். ப்ரேக்கை ஓங்கி மிதித்தால் குழாய்க்குள் 70 பாரைத் தாண்டும். நட்டு மரையில் துருப்பிடித்தால்கூடச் சமாளிக்கலாம். குழாயோடு ஒட்டிக்கொண்டால்தான் தலைவலி. நட்டைத் திருப்பினால் குழாயும் சேர்ந்து முறுக்கும்.

கடலே இல்லாத ஊரில் இவ்வளவு துரு எங்கிருந்து வருகிறது என்று சேலத்துக்காரர்கள் கேட்பார்கள். மூடுபனியும் மழையும் பாதிக் காரணம். சில்வர் ஓக் நிழலில் நிற்கிற வண்டியின் அடியில் அப்பிய எஸ்டேட் சேறு லேசில் காயாது. மீதிக் காரணம் உரமூட்டை. காப்பித் தோட்டத்துக்குப் போகும் பொட்டாஷ் குளோரைடு உப்புதான். நம் சாப்பாட்டு உப்புக்குப் பங்காளி. ஜீப்பின் பின்னால் சிந்தியது மழையில் கரைந்து அச்சின் மேல் ஓடும் பைப்பில் இறங்கும். மருந்தடிக்கிற மயில்துத்தம் அதைவிட மோசம். அந்தக் கரைசல் இரும்பை நேராகத் தின்னும். அதனால்தான் அதை பிளாஸ்டிக் டிரம்மில் கரைக்கிறார்கள். இந்த விஷயம் எஸ்டேட் ரைட்டர்களுக்கெல்லாம் தெரியும். டிரம்மை ஏற்றிப்போகிற ஜீப்பும் இரும்பு என்பதுதான் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

சமவெளியில் இதெல்லாம் இருந்தாலும் ஓட்டிவிடலாம். இங்கே 1,500 மீட்டரிலிருந்து சேலத்துக்கு இறங்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் சாமானுமாக ஆயிரம் கிலோ வண்டி என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த இறக்கத்தில் விடுபடும் சக்தி 30 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். முதல், இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டுகிற புத்திசாலிகளின் வண்டியில் எல்லாம் ப்ரேக்குக்குத்தான் போகும். புது டாட் 3 ப்ரேக் ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றின் ஈரத்தைக் குடித்த பிறகு அது 140 வரை இறங்கலாம். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை தட்டும். ஆரம்ப கால அம்பாசிடரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழிதான்; ஒரு பைப் வெடித்தால் மிச்சம் ஹேண்ட் ப்ரேக். இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக இறங்கினாலும் இதே கதைதான்.

சரி, அரை நாள் எங்கே போகிறது? முதலில் கம்பி பிரஷ்ஷால் மரை தெரியும்வரை தேய்க்க வேண்டும். துரு இளக்கும் ஆயிலை விட்டு, சின்னச் சுத்தியலால் நட்டின் பக்கங்களில் தட்டிக்கொடுக்க வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது. மறுபடி ஆயில், மறுபடி தட்டல். வாய் திறந்த சாதா ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். முனை மழுங்கி நட்டு மொட்டையாகிவிடும். பைப் நட்டுக்கென்றே ஸ்பேனர் இருக்கிறது. ரிங் மாதிரி சுற்றிப் பிடிக்கும், பைப் நுழைய ஒரு வெட்டு மட்டும் விட்டிருக்கும். அம்பாசிடர் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது, அதில் அங்குலக் கணக்கு: 7/16 அங்குலம் என்பது 11.11 மில்லி. அதில் 12 மில்லி ஸ்பேனரைப் போடுகிறவனை நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

முதல் அசைவு இறுக்குகிற பக்கம், ஒரு மயிரிழை. துருவின் பிடி அப்போதுதான் உடையும். பிறகு கழற்றுகிற பக்கம், கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. ரப்பர் ஹோஸ் சேரும் இடமென்றால் ஹோஸின் முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காமல் தொடவே கூடாது. பைப் முறுக்கத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். எப்படியும் பைப் மாற்றப் போகிறோம் என்றால் நட்டை ஒட்டி அதை வெட்டிவிட்டு, முழு ரிங் ஸ்பேனரையோ ஆறு முக சாக்கெட்டையோ மாட்டலாம். சண்டித்தனம் பண்ணிய நட்டும் இதற்கு மசியும்.

கூலி கிடைக்காது என்று தெரிந்த மெக்கானிக் இதையெல்லாம் செய்வானா? நட்டுக்கு கேஸ் நெருப்பைக் காட்டுவான். ப்ரேக் ஆயில் தீப்பிடிக்கும், பக்கத்து ரப்பர் உருகும். இல்லாவிட்டால் நட்டை அப்படியே விட்டுவிட்டு, ஒழுகுகிற சக்கரத்தின் பைப்பை நசுக்கி டம்மி போட்டு அனுப்புவான். மூன்று சக்கரம் பிடிக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அவன் செய்வது குற்றம்தான். அவனிடம் "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, ஐந்நூறுக்கு மேல தர மாட்டேன்" என்றவரை நாம் ஏன் விட்டுவிடுகிறோம்?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். வண்டியை ரோலரில் ஏற்றிச் சோதித்தால் அன்றைக்கு ப்ரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியும். துருவில் இளைத்த பைப் தெரியாது. அதற்கு ஒருவர் டார்ச்சோடு அடியில் படுக்க வேண்டும். அவ்வளவு கட்டணம் வாங்குகிறவர்கள் மலைப் பகுதி வண்டிகளுக்காவது அதைக் கண்டிப்பாகச் செய்யலாம்.

எஸ்டேட்காரர்களுக்கு: உரமோ மருந்தோ ஏற்றிய அன்று மாலையே ஜீப்பின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ப்ரேக் ஆயிலை மாற்றுங்கள்; அப்போது ஏர் எடுக்கும் நிப்பிளையாவது யாரோ திறந்திருப்பார்கள். நட்டுக்கு மேல் ஒரு விரல் கிரீஸ் தடவச் சொன்னால் அதற்குத் தனியாகக் கூலி கேட்க மாட்டேன்.