குட்டைக் காரும் நெட்டை மேடும்

நெடுங்காட்டில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பிரான்சில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டுச் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர். காரைக்கால் வட்டாரத்தில் இது அதிசயமல்ல. 1954-ல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை விட்டுப் போனாலும், பாரிஸ் உறவு பல குடும்பங்களில் இன்னும் விட்டுப் போகவில்லை. அதிசயம் என்னவென்றால், நண்பர் வாங்கியிருக்கும் கார்தான். சிவப்பு நிறம், இரண்டே கதவு. பக்கத்தில் நின்றால் அதன் கூரையை நாம் குனிந்து பார்க்கலாம்!

ஊரே தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது என்று நண்பருக்கு ஓர் எண்ணம். இரண்டு நாள் அந்தக் காரில் சுற்றிவிட்டு வந்தேன். பொறாமை வரவில்லை, ஐயா, பரிதாபம்தான் வந்தது.

காரில் 'ஏறுவது' என்று சொல்கிறோம் அல்லவா? இந்தக் காரில் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும். வேட்டி கட்டியவர் இறங்கினால், திரும்ப வெளியே வருவதற்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். டீக்கடை ஓரம் நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் கூட்டம். "அண்ணே, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்று ஒரு பையன் கேட்டான். நண்பர் தயங்கித் தயங்கி, "ஏழு" என்றார். அதன் பிறகு அங்கே எழுந்த சிரிப்பை எழுத்தில் எழுத முடியாது. டயரில் ஆணி ஏறினால் மாற்றுச் சக்கரமும் கிடையாது. எடையும் இடமும் மிச்சம் என்று கம்பெனிக்காரர் வைக்காமலே விட்டுவிட்டார்.

காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாடு. எந்தப் பக்கம் போனாலும் சிறிது நேரத்தில் எல்லை வந்துவிடும். புதுச்சேரிப் பகுதியில் மதுபானம் மலிவு. ஆகவே எல்லையில் சோதனை. "டிக்கியைத் திறங்க சார்" என்றார் காவலர். நண்பர் பின்புறத்தைத் திறந்தார். உள்ளே என்ஜின்! காவலர் முகம் மாறியது. இந்த ரகக் காரில் என்ஜின் பின்னால், சாமான் வைக்கும் இடம் முன்னால் என்று விளக்கி, முன்புறத்தையும் திறந்து காட்டிய பிறகுதான் வழி கிடைத்தது. காவலர் மீது குற்றமில்லை. பின்னால் என்ஜினை வைக்கச் சொன்னது அவரா?

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கடங்கள். வேகத்தடை அப்படியல்ல.

காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே சுமார் 12 சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு மேட்டிலும் நண்பர் காரை நிறுத்தி, குறுக்காகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றுகிறார். அப்படியும் அடியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். அவருடைய முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

"சொகுசுக் கார் வாங்கினால் அனுபவிக்கட்டும்" என்று சொல்லிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் விசாரித்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே வேகத்தடைக்கு அளவு வகுத்திருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர்; 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டுபோல வளைந்திருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் நோகாமல் கடக்கலாம். இந்தக் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் இரண்டரை மீட்டர். ஆகவே அளவுப்படி கட்டிய மேட்டில் நான்கு சக்கரமும் ஒன்றாகவே ஏறி நின்றுவிடும். நடுவில் மேடு விழுங்குவது நாலரை சென்டிமீட்டர் மட்டுமே. வயிறு தட்டவே தட்டாது!

தட்டுகிறது என்றால் என்ன பொருள்? மேடு மேடாக இல்லை, வரப்பாக இருக்கிறது என்று பொருள். ஒரு முழ அகலத்தில், அரைச் சுவர் மாதிரி, கையில் கிடைத்த தாரைக் கொட்டி எழுப்பியது. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை இல்லை. வெள்ளைப் பட்டை தேய்ந்து போயிற்று. நண்பருக்கு நஷ்டம் கொஞ்சம் பெயிண்ட். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு வரும் ஆட்டோவுக்கும், இரவில் மொபெட்டில் வரும் கூலிக்காரருக்கும், 108 வண்டியில் படுத்திருப்பவருக்கும் நஷ்டம் என்ன? பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மேடு கட்டாயம் வேண்டும். அதை அளவோடு போட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அறுவடைக் காலத்தில் இன்னொரு தொல்லை. டெல்டாக் கிராமங்களில் சாலையே களம். வைக்கோலைப் பரப்பி, போகிற வருகிற வண்டிகளை மிதிக்க விடுகிறார்கள். தாழ்ந்த காரின் அடியில், சூடான புகைக்குழாயில் வைக்கோல் சிக்கினால் தீப்பிடிக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் விவசாயியை மட்டும் திட்டி என்ன பயன்? ஊருக்கு ஒரு நல்ல சிமெண்டுக் களம் இருந்தால் அவர் ஏன் சாலைக்கு வருகிறார்?

நண்பரின் கடைசி வருத்தம் விசித்திரமானது. வெளியூர் போனால் காரின் நம்பரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார்களாம். "புதுச்சேரி அட்ரஸா?" என்று கேட்கிறார்களாம். 2017-ல் கேரளத்தில் எழுந்த கூச்சல் நினைவிருக்கலாம். அங்கே வரி அதிகம் என்று, புதுச்சேரியில் குறைந்த வரிக்குப் பதிவு செய்த சொகுசுக் கார்கள் கேரளத்துச் சாலைகளிலேயே ஓடிக்கொண்டிருந்தன. நடிகர்கள் வரை விசாரணை போயிற்று. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். 2002-ல் டெண்டுல்கருக்குப் பரிசாக வந்த ஃபெராரிக்குக்கூட, சுங்க வரி விலக்கு பற்றி ஊரெல்லாம் பேசிய பிறகு, ஒரு கோடிக்கு மேற்பட்ட வரியைக் கம்பெனி கட்ட நேர்ந்தது. வரியைத் தப்பவிட்டு, மேட்டைப் பற்றிப் புகார் சொல்லுகிறவரிடம் எனக்கு அனுதாபமில்லை. நம் நண்பர் உள்ளூர்க்காரர், உள்ளூரிலேயே வரி கட்டியவர். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

கேட்டும் விட்டார். பள்ளிக்கூடத்து மேட்டை அளவுப்படி திருத்த வேண்டுமென்று, 3.7 மீட்டர் கணக்கெல்லாம் போட்டு, ஒரு மனு எழுதினார். ஊரில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டீக்கடைப் பையனும் போட்டான். மனுவைக் கொடுக்க அவர் காரைக்காலுக்குப் போனது மட்டும், தம்பியின் டி.வி.எஸ். 50-ல்.