கில்மிஷா சென்னைக்குப் போனா. மிச்சப் பிள்ளையள்?

2023 டிசெம்பரில ஸீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ போட்டியில அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா முதலிடம் எடுத்தா. யாழ்ப்பாணமே கொண்டாடினது. அவ ஊருக்குத் திரும்பி வந்தபோது சனம் திரண்டு நிண்டு வரவேற்றது. எங்களுக்கும் அது பெரிய சந்தோசம்தான்.

ஆனா ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. சென்னைக்குப் போக முதலும் அந்தப் பிள்ளைக்கு இதே குரல்தான். அந்தக் குரலை யாழ்ப்பாணத்தில இருக்கிற எங்களுக்கே அறிமுகப்படுத்த ஏன் ஒரு சென்னை அலைவரிசை தேவைப்பட்டது? விசா எடுத்து, மாசக்கணக்கா அங்க தங்கிப் பாட வசதியில்லாத பிள்ளையள் என்ன செய்யிறது?

அடுத்த கதை 2024 பெப்ரவரி 9. முற்றவெளியில ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. தென்னிந்திய நட்சத்திரங்களும் வந்திருந்தினம். முன்னுக்குக் காசு குடுத்தவைக்குக் கதிரை, பின்னுக்கு இலவசம். பின்னால நிண்ட சனம் தடுப்புகளைத் தாண்டி முன்னுக்கு வர, நிகழ்ச்சி இடையில நிண்டுபோனது. அடுத்தநாள் முகநூல் முழுக்க ‘எங்கட சனத்துக்கு ஒழுங்கு தெரியாது’ எண்ட தீர்ப்புத்தான்.

தடுப்பை உடைச்சதை நாங்கள் நியாயப்படுத்தேல்லை. ஆனா இதே சனம்தான் ஒவ்வொரு வருசமும் நல்லூரில 25 நாளும் கூடுது. தேரன்று மணல்வீதியில கால் வைக்க இடம் இருக்காது, எண்டாலும் திருவிழா ஒழுங்கா நடக்குது. ஏனெண்டால் நல்லூர் அடுத்த வருசமும் வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். எப்பவாவது ஒருக்கா வாற நட்சத்திர இரவு அப்பிடியில்லை. இண்டைக்கு விட்டால் இனி எப்பவோ எண்ட பதட்டத்தோடதான் சனம் வருது. பசியோட இருக்கிறவைக்கு ஒரேநாளில விருந்து வைச்சிட்டு, பந்தியில இடிபடுகினம் எண்டு பேசிப் பிரயோசனம் இல்லை.

மூண்டாவது, நூலகத்துக்குப் பக்கத்தில இந்திய நிதியில எழும்பி, 2023 பெப்ரவரியில மக்களிடம் கையளிக்கப்பட்ட கலாசார மையம். 2025 ஜனவரியில அதுக்குத் திருவள்ளுவரின் பெயரை வைச்சு, யாழ்ப்பாணம் எண்ட சொல்லை எடுத்துவிட்டினம். எதிர்ப்பு எழும்பினது, சொல் திரும்பி வந்தது. நல்லது. ஊரின் பெயர் இருக்கத்தான் வேணும். ஆனா பெயருக்காகக் குரல் குடுத்தவையில எத்தினை பேர், 600 இருக்கைகள் உள்ள அந்த அரங்கில உள்ளூர்ப் பெடியளுக்கு எத்தினை நாள் கிடைக்குது எண்டு கேட்டவை?

மூண்டு கதைக்கும் அடியில ஒரே குறைதான். எங்களிட்டைப் பெரிய நாள்கள் இருக்கு, சாதாரண நாள்களுக்கு மேடை காணாது.

உள்ளூர் அலைவரிசைகளுக்கு இதில பெரிய பங்கு இருக்கு. காசு இல்லை, விளம்பரம் குறைவு எண்டு அவை சொல்லுறது பொய்யில்லை. இது சின்னச் சந்தை, சென்னை நிகழ்ச்சிகளோட செலவில போட்டிபோட ஏலாது. ஆனா நல்லூர்த் தேரைப் பல கமராக்கள் வைச்சு, கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிறவை கண்ணீரோட பாக்கிறமாதிரி நேரலையில குடுக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு, ஒரு பாட்டு நிகழ்ச்சியை எடுக்கத் தெரியாதா? ஆளும் திறமையும் இருக்கு. அதைப் பாக்கிற புலம்பெயர் சனமும் இருக்கு.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. திருமறைக் கலாமன்றம் 1965இல தொடங்கி, போர்க்காலத்திலயும் மேடையை விடேல்லை. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல பல்கலைக்கழக மாணவர்களோட ஊரூராப் போனது. அந்த நாடகத்தைப் பாத்த சனம் மேடையில கண்டது தங்கட கதையைத்தான். நட்சத்திரத்துக்காக ஒருத்தரும் வரேல்லை.

நாங்கள் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. மாசத்தில ஒரு வெள்ளிக்கிழமை கலாசார மைய அரங்கைக் குறைஞ்ச கட்டணத்தில இளம் ஆக்களுக்குத் தாங்கோ. பாட்டு, கூத்து, குறும்படம், ராப், எது எண்டாலும் பரவாயில்லை. மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைப் பிள்ளையளும் வரட்டும், ஒருத்தரிட்டையும் படிக்காத பெடியனும் வரட்டும். ஒரு உள்ளூர் அலைவரிசை அதைப் பதிவுசெய்து ஒளிபரப்பட்டும்.

வாசிக்கிற உங்களுக்கும் ஒண்டு. அப்பிடி நடந்தால் ரிக்கெற் வாங்கிப் போய் இருங்கோ. முதல் மாசம் ஒலிவாங்கி இரையும், ரெண்டாம் மாசம் பாதிக் கதிரை வெறுமையாக் கிடக்கும். மூண்டாம் மாசமும் போங்கோ. அடுத்த கில்மிஷாவின் பெயரைச் சென்னைக்கு முதல் நாங்கள் தெரிஞ்சிருக்கவேணும்.