கரண்ட் போவதற்கும் ஓர் உதாரணம் வேண்டும்

பாலக்கோட்டில் டிப்ளமோ படிக்கும் என் சித்தி மகன் உபுண்டு லினக்ஸை டவுன்லோட் செய்ய உட்கார்ந்தான். சுமார் 6 ஜிபி ஃபைல். நான் போனில் சொன்னபடி டபிள்யூகெட் கமாண்டைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனான். 4 ஜிபி வந்திருந்தபோது கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. விடிந்ததும் அதே கமாண்டை மறுபடியும் தட்டினான். டபிள்யூகெட் என்ன செய்தது தெரியுமா? பாதி வந்த ஃபைலை அப்படியே விட்டுவிட்டு, பெயருக்குப் பின்னால் ‘.1’ சேர்த்து முதலிலிருந்து இறக்க ஆரம்பித்தது. செல்போன் டேட்டா காலியானதுதான் மிச்சம்.

கமாண்டில் ‘-சி’ என்ற ஆப்ஷனைச் சேர்த்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கும். சொல்லாமல் விட்டது என் தப்புதான். ஆனால் கையேட்டையும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

டபிள்யூகெட் 1996ல் குரோஷியாவைச் சேர்ந்த ஹர்வோயே நிக்ஷிச் உருவாக்கிய இலவச மென்பொருள். அதன் கையேட்டில் உதாரணங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. இணைப்பு மந்தமாக இருந்து, ஃபைல் பெரிதாக இருந்தால்? அதற்கு உதாரணம் இருக்கிறது. 20 முறை தானாகவே முயலும், போதாவிட்டால் 45 என்று கொடுக்கலாம். லைன் அறுந்து போவதை யோசித்தவர்கள், கம்ப்யூட்டரே அணைந்து போவதை அங்கே யோசிக்கவில்லை. ‘-சி’ வேறொரு இடத்தில், ஆப்ஷன்களின் நீண்ட பட்டியலுக்குள் இருக்கிறது. புதிதாக வருபவர் அதுவரை படிப்பாரா?

இன்னொன்று. பின்னணியில் இயங்க, கமாண்டின் கடைசியில் ‘&’ போடச் சொல்கிறது ஓர் உதாரணம். நல்லது. ஆனால் நிஜத்தில் நாம் காப்பி செய்யும் பல முகவரிகளின் நடுவிலேயே ‘&’ இருக்கும். மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் ஷெல் அதையும் அப்படியே எடுத்துக்கொண்டு, முகவரியை அந்த இடத்திலேயே வெட்டிவிடும். வருவது வேறு ஏதோ பக்கம்! எல்லா உதாரணங்களிலும் முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுதிக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

‘-சி’யில் ஆபத்து உண்டு என்பார்கள். உண்மைதான். இடையில் சர்வரில் ஃபைல் மாறிவிட்டால், பழையதும் புதியதும் ஒட்டிய குப்பைதான் கிடைக்கும். அந்த எச்சரிக்கையை உதாரணத்துக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிவிடலாமே.

இது ஜிஎன்யூ மென்பொருள். கையேட்டுக்கும் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். நான் இரண்டு உதாரணங்களை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் சித்தி மகனிடம் கொடுத்து, பாதியில் பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.