திருநாதர்குன்றும் கணினிக் குறிப்பேடும்

செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இராசகிரியைக் கண்டு வியப்பார் பலர். நகர்க்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றை நாடுவார் சிலரே. ஆங்கு ஒரு பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் கூறும் கல்வெட்டும் உள. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறும் நிலையை அக்கல்வெட்டிற் காணலாம்.

இத்தகைய சாசனங்களை நாம் கற்பதெல்லாம் அச்சிட்ட பாடமாகவே. கல்லிலுள்ளது எது, படித்தோர் ஊகம் எது என்பது அதனால் விளங்குவதில்லை. பழஞ்சாசனங்களிற் புள்ளி பெரும்பாலும் இடப்படாமையின், ஒரே வடிவம் ககரமெய்யாகவும் உயிர்மெய்யாகவும் படிக்கப்படும்; எகர ஏகார வேறுபாடும் அவ்வாறே மயங்கும்.

உரையும் நிரலும் விளைவும் ஒரே பக்கத்தில் அமையும் ஜூபிட்டர் குறிப்பேடு ஈண்டு உதவும். 2014ஆம் ஆண்டு முதல் இப்பெயரால் வழங்கும் அதனை அறிவியல் மாணவர் நன்கறிவர். அதிலுள்ள ஆயத்த விட்ஜெட்டுகளோ எண்களை நகர்த்தவும் பட்டியலில் ஒன்றைத் தெரியவும் ஆவன. பைத்தான் மொழியைக் கேட்பின் 'தமிழ்' என்பதன் நீளம் 5 என்னும்! மூன்றெழுத்தென்பதைத் தொடக்கப்பள்ளிச் சிறுவனும் அறிவானன்றோ?

ஆதலின் நமக்கு வேண்டிய விட்ஜெட்டை நாமே இயற்றல் வேண்டும் என்பது எம் கருத்து. திரையிற் கல்வெட்டின் நிழற்படம். ஓரெழுத்தைத் தொட்டால் அதற்குக் கூடிய பாடங்கள் தோன்றும். ஒன்றைத் தெரிந்தால், அதனைக் கவனித்திருக்கும் நிரல் சொற்பிரிப்பை மாற்றிக் காட்டும். படம் வரைந்து தொடுதலை ஏற்பது உலாவியிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் பகுதி. தரவைக் காப்பது பைத்தான் பகுதி. ஒன்றில் மாறிய மதிப்பு மற்றதிலும் மாறும். முன்னர் இதற்குப் பொதிகட்டும் வேலையே பெரிதாயிருந்தது. எனிவிட்ஜெட் என்னும் கருவி வந்தபின் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பே போதுமானதாயிற்று.

"கணினித்துறையாரிடம் விட்டுவிடலாமே" என்பர் நண்பர் சிலர். அவர் பொத்தானை அழகாக அமைப்பர், ஐயமில்லை. எவ்வெழுத்தில் ஐயம் உண்டென்பதை அவர்க்கு உரைப்பவர் யார்? ஒரு பாடத்தையே காட்டும் விட்ஜெட் அச்சுப் புத்தகத்தினும் கொடிது. ஆய்வு செய்ததாக மயக்கும்.

நிற்க. பைத்தான் இயங்காதவழி அத்தகைய விட்ஜெட் வெறும் படமே. பக்கத்தை மூடினால் தெரிந்த பாடமும் மறையலாம். ஆகவே மாணவர் தெரிந்தது ஒவ்வொன்றும் காரணத்துடன் எளிய உரைக்கோப்பில் எழுதப்படுமாறு தொடக்கத்திலேயே அமைத்தல் வேண்டும். அக்கோப்பைத் திறந்து அடுத்த ஆண்டு மாணவர் எம்மை மறுக்கலாம்.